ஓஎல்இடி ஐபேட் மினிக்காகக் காத்திருக்கலாமா? லீக்குகளில் எதை நம்பலாம், எதை விடலாம்

நீங்கள் கேட்டதை ஒரு தடவை திருப்பிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறீர்கள். தையல் லைனில் நின்றபடியே டெக் பேக்கை (ஆடையின் அளவும் விவரமும் அடங்கிய கோப்பு) திறந்து அளவு, பிரிண்ட் விழும் இடம், லேபிள் எல்லாவற்றையும் ஆப்பிள் பென்சிலால் குறித்துக்கொள்ளக் கைக்கு அடக்கமாக ஒரு டேப்லெட் வேண்டும், ஆப்பிளின் சின்ன டேப்லெட்டான ஐபேட் மினிதான் சரி என்று முடிவும் செய்துவிட்டீர்கள். ஆனால் ஓஎல்இடி திரையோடு (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை) புது மினி வருகிறது, தண்ணீர் பட்டாலும் தாங்கும், 120 ஹெர்ட்ஸ் (திரை நொடிக்கு 120 தடவை புதுப்பிக்கும்), விலை இவ்வளவு, தேதி இது என்று யூடியூபில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், இப்போது வாங்கவா, காத்திருக்கவா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது: இன்னும் வெளிவராத ஒரு பொருளைப் பற்றி வரும் செய்திகளில் எதை நம்பிக் கையிலிருக்கும் பணத்தை நிறுத்தி வைக்கலாம்?

நான் டேப்லெட் விற்பவன் இல்லைங்க. கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் டூல் ரூம் வைத்திருக்கிறேன், பிளாஸ்டிக் இன்ஜெக்‌ஷன் மோல்டு செய்வது தொழில். மோட்டாருக்கான ஃபேன் கவர், கிரைண்டர் பாகங்கள், சுவிட்ச் பெட்டிகள், நடுவில் கொஞ்ச காலம் மொபைல் கேஸ் மோல்டும் செய்தோம். முதல் ஐபேட் வருவதற்கு முந்தைய காலத்திலிருந்தே இந்த லீக்குகளை விடாமல் படித்து வருகிறேன், அதில் எனக்கு அவ்வளவு ஆர்வம். ஒரு பொருள் கடைக்கு வர எத்தனை மாதம் முன்னால் அதன் வடிவம் முடிவாகிவிடும் என்பது தொழிலில் பார்த்துத் தெரிந்தது. சிப், திரையின் உள்வேலை இரண்டும் என் துறை இல்லை, அவற்றைப் பற்றி நான் சொல்வதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது, அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை வருஷத்தில் எனக்குப் பயன்பட்ட அளவுகோல் ஒன்றுதான். ஒரு தகவல் வந்தால், இது எத்தனை பேர் கை பட்ட விஷயம் என்று பாருங்கள். திரை எத்தனை அங்குலம், உடம்பின் நீள அகலம், கேமரா எங்கே, பட்டன் எந்தப் பக்கம், சார்ஜர் துளை எது, இவையெல்லாம் உலோகத்திலும் கண்ணாடியிலும் செய்தாக வேண்டியவை. பேனல் செய்பவர், பாகத்தைப் பிடித்துவைக்கும் ஜிக் செய்பவர், கேஸ் செய்பவர் என்று பல ஊரில் பல பேர் கைக்குப் போயாக வேண்டும், அதனால் கசியும், கசிந்தால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். விலையும் பெயரும் அறிமுக நாளும் அப்படி இல்லை. அவற்றை ஒரு அறைக்குள் ஒரு சிலர் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள், கடைசி வாரத்தில்கூட மாற்றலாம், மாற்றினால் எந்த இரும்பும் வீணாகாது. அதனால் அந்த மூன்றைப் பற்றி யார் எவ்வளவு அடித்துச் சொன்னாலும் ஊகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இரும்பு வீணாவது என்றால் என்ன என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். இப்போது விற்கும் மினியின் நீளம் 195.4 மில்லிமீட்டர். அதற்குப் பாலிகார்பனேட்டில் ஒரு கேஸ் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். உருகிய பிளாஸ்டிக் மோல்டுக்குள் ஆறும்போது சுருங்கும், பாலிகார்பனேட் என்றால் 0.5 முதல் 0.7 சதவீதம் வரை. அந்த நீளத்தில் கணக்குப் போட்டால் சுமார் ஒரு மில்லிமீட்டர், சில சமயம் அதற்கு மேலும் போகும். இந்தச் சுருக்கத்தையும் சேர்த்துத்தான் கோர், கேவிட்டி (மோல்டின் உள், வெளிப் பாதிகள்) இரண்டையும் வெட்ட வேண்டும். டிராயிங்கில் அரை மில்லி தப்பாக இருந்தாலும் டேப்லெட் உள்ளே ஏறாது, இல்லாவிட்டால் லொடலொடவென்று ஆடும். பி20 என்ற மோல்டு ஸ்டீல் பிளாக் வாங்கி, ரஃப் வெட்டி, சிஎன்சி என்ற கம்ப்யூட்டர் மெஷினில் ஃபினிஷ் எடுத்து, கூர் மூலைகளை ஸ்பார்க் மெஷினில் இறக்கி, பாலிஷ் போட்டு, மோல்டிங் மெஷினில் ஏற்றி முதல் சாம்பிள் எடுப்பதற்குள் ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஓடிவிடும். அந்த முதல் சாம்பிளில் கேமரா ஓட்டை இரண்டு மில்லி தள்ளியிருந்தால் வெல்டிங் வைத்து நிரப்பி மறுபடி வெட்ட வேண்டும், அல்லது அந்த இன்செர்ட்டையே (மோல்டில் பொருத்தும் தனித் துண்டு) தூக்கிப் போட வேண்டும், எப்படியும் காசு. அறிமுகமான வாரமே கேஸைக் கடையில் தொங்கவிட நினைப்பவர் இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே அளவைத் தேடி அலைவது இதனால்தான். அவர் கைக்காசு போட்டு ஸ்டீல் வாங்கியிருக்கிறார் என்பதே அந்த அளவுக்கு ஒரு சாட்சி.

ஆனால் காசு போட்டவரும் ஏமாறுவது உண்டு. 2011-ல் ஐபோன் 5 அகலமாக, ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்து வரும் என்று ஒரு டிராயிங் சுற்றியது. அதை நம்பிக் கேஸே அடித்து விற்பனைக்கு வைத்துவிட்டார்கள். அக்டோபர் 4-ம் தேதி வந்தது ஐபோன் 4எஸ், முந்தைய 4-ன் அதே உடம்பு. இன்னொன்று, அறிமுகத்துக்கு முன்னால் அலுமினியத்தில் செய்த டம்மி மாடல்களைக் கையில் வைத்துக் காட்டுகிறார்களே, அதைப் பார்த்ததும் பொருளே கையில் இருப்பது போல நம்பிவிடாதீர்கள். ஒரு டிராயிங்கைக் கொடுத்தால் பீளமேட்டிலோ குறிச்சி சிட்கோவிலோ எந்த விஎம்சி (ஒரு வகை சிஎன்சி மெஷின்) ஷாப்பிலும் அப்படி ஒன்றை ஒரே நாளில் ஓட்டித் தந்துவிடுவார்கள். டம்மியின் பளபளப்பு மெஷின்காரரின் திறமை, அதன் உண்மை டிராயிங் எங்கிருந்து வந்தது என்பதில் இருக்கிறது, அதை எந்த வீடியோவிலும் காட்டமாட்டார்கள்.

விலை விஷயத்தில் ஊகம் எப்படிப் போகும் என்பதற்கு ஐபேடின் சொந்த வரலாறே போதும். 2010 ஜனவரி 27 அன்று சான்ஃபிரான்சிஸ்கோவில் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபேடைக் காட்டினார். அதற்கு முந்தைய மாதங்களில் விலை ஆயிரம் டாலரை ஒட்டி இருக்கும், பெயர் ஐஸ்லேட், கேமரா உண்டு என்றெல்லாம் பேச்சு. ஜாப்ஸ் அந்த ஊகத்தையே எடுத்து 999 என்று திரையில் பெரிதாகப் போட்டு நிற்கவைத்துவிட்டு, அப்புறம்தான் 499 என்று மாற்றினார். பெயரும் தப்பு, கேமராவும் இல்லை. இரண்டு வருஷம் கழித்து 2012 அக்டோபர் 23 அன்று முதல் மினி வந்தபோது தலைகீழாக நடந்தது. திரை 7.85 அங்குலம் என்று பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், 7.9 என்று அறிவித்தார்கள், அதாவது சரி. விலை 249 டாலர் என்று பலர் எதிர்பார்த்தார்கள், வந்ததோ 329. முதல் தடவை ஊகம் மேலே போனது, அடுத்த தடவை கீழே போனது, திரையின் அளவை மட்டும் துல்லியமாகப் பிடித்தார்கள். இன்னொரு விஷயம், அதே ஜாப்ஸ் 2010 அக்டோபரில் ஏழு அங்குல டேப்லெட்டுகள் பிறக்கும்போதே செத்தவை, அதைப் பயன்படுத்த விரலை உப்புத்தாளில் தேய்த்துக் கூராக்க வேண்டும் என்று பேசியிருந்தார். கம்பெனிக்காரர் வாயாலேயே இல்லை என்று சொன்ன வகைதான் இன்றைக்கு நீங்கள் வாங்க நிற்கும் மினி. அதனால் மறுப்பையும் ஒரு அளவுக்கு மேல் நம்ப வேண்டியதில்லை.

பெரிய பெயர்கள் சொன்னாலும் இதே கதைதான். ஆறாவது மினிக்கு முன்னால் பகுப்பாய்வாளர் மிங்-சி குவோ திரை 8.5-லிருந்து 9 அங்குலம் வரை இருக்கும், 2021 முதல் பாதியில் வரும் என்றார். 2021 செப்டம்பரில் 8.3 அங்குலத்தில் வந்தது. பெரிதாகும் என்ற திசை சரி, எண்ணும் மாதமும் தப்பின. அதே மினிக்கு ‘மினி எல்இடி’ திரை (பின்னால் நுண்ணிய விளக்குகள் வைத்த எல்சிடி வகை) என்று தைவானின் டிஜிடைம்ஸ் செய்தித்தளம் எழுதியது, சாதாரண எல்சிடிதான் வந்தது. 2025 மார்ச்சில் வந்த அடிப்படை ஐபேடில் ஏ17 புரோ சிப் இருக்கும், ஆப்பிளின் செயற்கை நுண்ணறிவு வசதிகள் அதிலும் வேலை செய்யும் என்று நம்பகமான இடத்திலிருந்தே செய்தி வந்தது. வந்தது அதைவிடப் பழைய ஏ16, அந்த வசதிகள் இல்லை. அதை நம்பிக் காத்திருந்த மாணவர்கள் நிறையப் பேர், எனக்கு இன்றைக்கும் அது வருத்தம்தான். சிப் உடம்புக்குள் ஒளிந்திருக்கும் பொருள், கேஸ் செய்பவருக்கு அதன் பெயர் தெரிய வேண்டிய அவசியமே இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இது ஏன் தப்பியது என்று புரியும்.

சரி, உங்கள் ஓஎல்இடி மினிக்கு வருவோம். 2025 அக்டோபரில் ப்ளூம்பெர்க்கின் மார்க் குர்மன் எழுதிய செய்திதான் இப்போது பார்க்கும் பெரும்பாலான வீடியோக்களுக்கு வேர். அதன் சாரம் இவ்வளவே: ஓஎல்இடி திரையுள்ள மினியை ஆப்பிள் சோதித்துக்கொண்டிருக்கிறது, சீக்கிரம் என்றால் 2026-லேயே வரலாம், தண்ணீர் புகாதபடி ஸ்பீக்கர் துளைகளுக்குப் பதிலாக அதிர்வில் ஒலி எழுப்பும் அமைப்பு இருக்கலாம், விலை 100 டாலர் வரை கூடலாம். எத்தனை ‘லாம்’ இருக்கிறது பாருங்கள். அவர் கவனமாகத்தான் எழுதியிருக்கிறார். அடுத்தவர் அதை எடுத்து ‘லாம்’ என்பதைக் கழற்றிவிட்டு ‘வருகிறது’ என்றார், அதற்கடுத்தவர் ‘கன்ஃபார்ம்’ என்றார். இருபது சேனல் சொன்னதால் இருபது சாட்சி என்று ஆகாது, வேரைத் தேடிப் போனால் ஒரே ஆள்தான் இருப்பார்.

சோதிக்கிறார்கள் என்பதையும் நிதானமாக எடுத்துக்கொள்ளுங்கள். மோல்டு முடித்து, சாம்பிள் கொடுத்து, எல்லாம் சரி என்று கையெழுத்தும் வாங்கிய பிறகு சந்தைக்கே வராமல் போன மாடல்களின் மோல்டுகள் எங்கள் ரேக்கில் கிரீஸ் தடவித் தூங்குகின்றன, கோவையில் எந்த டூல் ரூமிலும் அப்படி ஒரு மூலை இருக்கும். ஆப்பிளே 2017 செப்டம்பரில் மேடையேறி அறிவித்த ஏர்பவர் சார்ஜரை 2019 மார்ச்சில் கைவிட்டது. மைக்ரோசாஃப்டின் கூரியர் என்ற இரட்டைத் திரை டேப்லெட்டின் வீடியோ 2009 செப்டம்பரில் கசிந்தபோது ரசிகர்கள் கொண்டாடினார்கள், நானும் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், அவ்வளவு அழகான யோசனை. அடுத்த ஏப்ரலில் அதைச் செய்யப்போவதில்லை என்று அந்த கம்பெனி சொல்லிவிட்டது.

அதனால் அந்தச் செய்தியைப் பிரித்துப் பார்த்தால் என் கணிப்பு இப்படி. ஓஎல்இடி மினி என்றாவது வரும் என்பது கிட்டத்தட்ட நிச்சயம், ஏனென்றால் 2024 மே மாதம் ஐபேட் புரோ ஓஎல்இடிக்கு மாறிவிட்டது, எல்ஜியும் சாம்சங்கும் அதற்குப் பேனல் கொடுக்கிறார்கள், வழி திறந்தாயிற்று. எப்போது என்பது சந்தேகம். நான்காவது மினி 2015 செப்டம்பர், ஐந்தாவது 2019 மார்ச், ஆறாவது 2021 செப்டம்பர், ஏழாவது 2024 அக்டோபர், அதாவது நடுவில் இரண்டரை முதல் மூன்றரை வருஷம். அந்தப் பழக்கம் தொடர்ந்தால் 2027-ஐத் தாண்டியும் போகலாம், செய்தி சொல்வது போல முன்னாலும் வரலாம், இந்த ஒரு தகவலை மட்டும் நம்பிப் பணத்தை நிறுத்தி வைக்க நான் சொல்லமாட்டேன். 120 ஹெர்ட்ஸ் பற்றி எச்சரிக்கையாக இருங்கள். ஓஎல்இடி என்றாலே 120 என்று பலர் சேர்த்துச் சொல்கிறார்கள், ஆனால் ஐபோன் 12 முதல் 16 வரை சாதாரண மாடல்களில் ஓஎல்இடி திரைதான் இருந்தது, எல்லாம் 60 ஹெர்ட்ஸ். ஒன்று வந்தால் இன்னொன்றும் வரும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. தண்ணீர் தாங்கும் உடம்பு எல்லாவற்றையும்விட ஆசையைத் தூண்டுவது, எல்லாவற்றையும்விடச் சந்தேகமானதும் அதுதான், ஏனென்றால் எந்த ஐபேடிலும் ஆப்பிள் இதுவரை அதைச் செய்ததில்லை.

வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘இந்திய விலை’ படங்களைத் தூக்கி வைத்துவிடுங்கள். கணக்கை நீங்களே போடலாம். அமெரிக்க விலையில் வரி சேராது, நம் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளடக்கம். ஏழாவது மினி 499 டாலர், அப்போது டாலர் 84 ரூபாய் சுமார், பெருக்கி வரியையும் சேர்த்தால் 49,500-ஐ ஒட்டி வருகிறது, இங்கே வைத்த விலை 49,900. அமெரிக்காவில் 599 டாலருக்கு வந்த எம்3 ஐபேட் ஏர் இங்கே 59,900. அதனால் அந்த 100 டாலர் ஏற்றம் உண்மையானால் புது மினியும் 60,000-ஐ ஒட்டி நிற்கும் என்பது என் ஊகம், டாலர் மதிப்பு ஏறியிருந்தால் அதற்கு மேலும் போகும். புரோ ஓஎல்இடிக்கு மாறியபோது 11 அங்குல மாடலின் ஆரம்ப விலை இங்கே 81,900-லிருந்து 99,900 ஆனது, அதில் இரட்டிப்பு ஸ்டோரேஜும் சேர்ந்தது உண்மைதான், ஆனால் விலை குறையாது என்பதற்கு அது போதுமான அடையாளம்.

இனி உங்கள் வேலை. ஓஎல்இடி திரையில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், படம் பார்க்க மிக நன்றாக இருக்கும், ஆனால் டெக் பேக்கில் அளவு குறிப்பதற்கு எல்சிடி தாராளமாகப் போதும். நிறம் நன்றாகத் தெரியும் என்பதற்காகக் காத்திருக்க நினைத்தால் வேண்டாம். லேப் டிப்பை (சாயம் போட்ட மாதிரித் துணி) திரையில் பார்த்து யாரும் ஓகே செய்வதில்லை, லைட் பாக்ஸில் டி65 (பகல் வெளிச்சம்), டிஎல்84 (கடை வெளிச்சம்) விளக்கின் கீழே துணியை வைத்துத்தான் பார்ப்பீர்கள், எந்தத் திரை வந்தாலும் அது மாறாது. பென்சில் புரோ இப்போதைய மினியிலேயே வேலை செய்கிறது. ஐபேட்ஓஎஸ் 26-ல் வந்த ஜன்னல் ஜன்னலாகத் திறந்து வைத்துக்கொள்ளும் வசதியும் இதில் கிடைக்கிறது, மென்பொருள் புதுமைகளுக்காகப் புது உடம்பு வரக் காத்திருக்க அவசியமில்லை. உங்களுக்கு நிஜமாகவே பயன்படக்கூடியது துளையில்லாத அந்த உடம்பு மட்டும்தான். கட்டிங், தையல் நடக்கும் இடத்தில் பஞ்சுத் தூசி எப்படிப் பறக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அது ஸ்பீக்கர் வலையிலும் சார்ஜர் துளையிலும் போய் அடைத்துக்கொள்ளும். ஆனால் மேலே சொன்னது போல அந்த ஒன்றுதான் இருப்பதிலேயே உறுதி குறைந்த தகவல். நல்ல மூடி வைத்த கேஸும், வாரம் ஒரு தடவை மென்மையான பிரஷ்ஷால் துளைகளைத் துடைப்பதும் இப்போதைக்குப் போதும்.

அடுத்த இரண்டு மூன்று மாதத்துக்குள் வேலைக்கு வேண்டும் என்றால் இப்போது இருப்பதை வாங்குங்கள் என்பதே என் கருத்து. கம்பெனி பெயரில் ஜிஎஸ்டி எண் போட்டு பில் வாங்கினால் வரியை உள்ளீட்டில் கழிக்க வாய்ப்புண்டு, உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஆறு மாதம் தள்ளிப்போட முடியும் என்றால் யூடியூபை விட்டுவிட்டு இரண்டு விஷயத்தை மட்டும் கவனியுங்கள்: மினிக்கான ஓஎல்இடி பேனல் உற்பத்தி தொடங்கிவிட்டது என்று கொரியாவிலிருந்து வரும் செய்தி, அப்புறம் ஒன்றுக்கு மேற்பட்ட கேஸ் கம்பெனிகள் ஒரே அளவில் கேஸ் காட்டத் தொடங்குவது. இரண்டும் சேர்ந்து வந்தால் அதிகம் போனால் இரண்டு மூன்று மாதத்தில் பொருள் வரும், அப்போது பொறுத்திருப்பதில் அர்த்தம் உண்டு, புதியது வந்ததும் கடைகளில் பழைய ஸ்டாக்கும் விலை இறங்கும். அதற்குள் எந்தக் கடையாவது அறிவிக்காத மாடலுக்கு முன்பதிவு என்று அட்வான்ஸ் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள், விலையும் தேதியும் அவர்களுக்கும் தெரியாது. உங்களுக்கு ஆர்டர் நெருக்கடி எந்த மாதத்தில் வரும், இப்போது குறிப்பு எடுக்க என்ன வைத்திருக்கிறீர்கள் என்று சொன்னால், இன்னும் குறிப்பாகப் பதில் சொல்ல முடியும்ங்க.